ரெண்டுக்கும் ஓர்மைதானே

செய்தி பிலோமி அக்காவின் எண்ணிலிருந்தே வந்தது. எங்கள் சனிக்கிழமை வகுப்பின் வாட்ஸ்அப் குழுவில், காலை ஏழரை மணிக்கு. எழுதியவர் அவருடைய மகள். மூளையில் ரத்தக்கசிவு. இரண்டு நாள் தீவிர சிகிச்சை. விடியற்காலையில் போய்விட்டார். மாலை நான்கு மணிக்கு அடக்கம்.

இரண்டு முறை வாசித்தேன். இரண்டாம் முறை எழுத்துப்பிழை தேடினேன். வேறு எதுவும் செய்யத் தெரியவில்லை.

அக்காவோடு வார்டில் நின்றவர்களுக்கும், வகுப்பில் அவர் பக்கத்தில் உட்கார்ந்த நான்கு பேருக்கும் இதை எழுதுகிறேன்.

பிலோமினா. நாற்பத்தாறு வயது. குளச்சல். பதினோரு வருடம் வளைகுடாவில் நர்ஸ், திரும்பி வந்தபின் இங்கே ஒரு ஆஸ்பத்திரியில். அயர்லாந்து போக ஆங்கிலத் தேர்வில் ஜெயிக்க வேண்டும். அதற்குப் பயிற்சி தருவது என் வேலை, இரணியல் ஸ்டேஷன் பக்கம் ஒரு மாடியறையில். அவரைவிடப் பத்தொன்பது வயது இளையவள் நான். மற்றவர்களுக்கு டீச்சர். அவருக்கு மக்கா.

என்னிடம் வருமுன் ஒரு முறை தோற்றிருந்தார். இரண்டாவது தோல்வி என்னால். நாற்பது மாதிரி விடைகளைக் கொடுத்து, பை ஹார்ட் பண்ணுங்கள் என்றேன்.

"ஹார்ட்டுலயா? நாலு அறையும் படத்துல பாத்திருக்கேன் மக்கா. ரெத்தந்தான் கெடக்கு, வேற ஒண்ணும் இல்ல."

சொல்லிவிட்டு நாற்பதையும் மனப்பாடம் செய்தார். தேர்வில் நாற்பத்தொன்றாவது கேள்வி வந்தது. திரும்பி வந்து, கோபமில்லாமல் சொன்னார்: "நீ தந்ததெல்லாம் உள்ள அப்படியே இருக்கு. பரீட்ச வச்ச பொம்பள கேட்டது அதுல இல்ல."

அந்தத் தாள்களை அதன்பின் நான் யாருக்கும் கொடுக்கவில்லை.

பழகாத ஆங்கிலத்தை ரஸ்டி என்பார்கள், துருப்பிடித்தது என்று ஒருநாள் சொல்லிக்கொடுத்தேன். அக்காவுக்கு அது உடனே பிடித்துப்போனது. "எங்க ஊருல கதவுக் கொண்டியே ஆறு மாசத்துல துருப்பிடிச்சுரும். தெனமும் தொறந்து மூடுனா பிடிக்காது." மறுநாளிலிருந்து காலையில் பஸ்ஸில் ஏறியதும் எனக்கு போன். ஐந்து நிமிடம் ஆங்கிலம் மட்டும். கண்டக்டரையும் விடவில்லை. "எக்கா, டிக்கெட்ட மட்டும் தமிழ்ல கேளுங்க" என்றாராம் அவர்.

உங்களுக்கு நன்றாகத் தெரிந்த கதையையும் எழுதிவிடுகிறேன். பேச்சுத் தேர்வுக்கு ஒத்திகை. நான் நோயாளி, அக்கா நர்ஸ். மாத்திரை சாப்பிட மறந்துவிடுவேனே என்று நான் ஆங்கிலத்தில் புலம்ப வேண்டும். அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு கனிவாகச் சொன்னார்: "டோன்ட் வொரி. வி வில் ஆல் ரிமம்பர் யூ."

ஞாபகப்படுத்துவோம் என்று சொல்ல வந்தார். அதற்கு ரிமைண்ட். அவர் சொன்னது, உங்களை நாங்கள் எல்லோரும் நினைவில் வைத்திருப்போம் என்று.

வகுப்பில் பக்கத்திலிருந்த ஷீபாவால் சிரிப்பை அடக்க முடியவில்லை. "எக்கா, மாத்திர கேட்டவள அடக்கமே பண்ணிட்டீங்களே."

அக்காவும் சிரித்தார். "நமக்கு ரெண்டுக்கும் ஓர்மைதான ஏட்டி? ஒனக்கு ஓர்மை இருக்கா, எனக்கு ஓர்மைப்படுத்து. இவனுவ என்னத்துக்குப் பிரிச்சு வச்சிருக்கானுவ?"

அந்த வாரம் முழுவதும் காலை போன் ஒரே வாக்கியத்தில் தொடங்கியது. ஐ ஆம் ரிமைண்டிங் யூ, குடையை எடுத்துக்கொள். ஐ ஆம் ரிமைண்டிங் யூ, சாப்பிட்டுவிட்டுப் போ. பிறகு அவர் அந்தச் சொல்லில் தவறவே இல்லை. அடுத்த மாதம் மூன்றாம் முறை எழுத இருந்தார். இந்த முறை ஜெயித்திருப்பார். இதை ஆறுதலுக்காகச் சொல்லவில்லை. ஆசிரியராகச் சொல்கிறேன்.

கல்லறைத் தோட்டத்தில் எல்லோரும் மண் போட்டோம். ஷீபா கையிலிருந்த மண்ணைத் தட்டிவிட்டு நின்றாள். மெதுவாக, அக்காவின் அதே உச்சரிப்பில் சொன்னாள்: "வி வில் ஆல் ரிமம்பர் யூ."

நான் திருத்தவில்லை.

வெளியே வந்ததும் கேட்டாள். "பரீட்ச தேதிய மாத்திக்கிடலாமா டீச்சர்? அஞ்சு பேரும் ஒண்ணா பதிஞ்சது."

"மாத்த வேண்டாம். நாலு பேரும் எழுதுறீங்க."

"எனக்கு வாயே வராது டீச்சர்."

"காலையில பஸ் ஏறுனதும் எனக்கு போன் பண்ணு."

அக்காவிடமிருந்து நான் வைத்துக்கொள்வது அந்த இரண்டு சொற்களைத்தான். ஒன்று அவருக்கு. மற்றது இந்த நான்கு பேருக்கு.

சனிக்கிழமை வகுப்பு, காலை பத்து மணி. ஐ ஆம் ரிமைண்டிங் யூ.