தேவராஜ் அண்ணன் கீபோர்டில் என் நம்பர்

செய்தி வந்தபோது நான் கத்திரித் தோட்டத்தில் கூலிக்குக் காய் பறித்துக்கொண்டிருந்தேன். எங்கள் மெல்லிசைக் குழுவில் ரிதம் பேட் வாசிக்கும் ஏழுமலை காலையில் போன் செய்யமாட்டான்; அவன் எழுந்திருப்பதே பத்து மணிக்கு. "அக்கா, கீபோர்டு மாஸ்டர் தவறிட்டாரு. நெஞ்சு வலிக்குதுன்னாராம். வண்டி வர்றதுக்குள்ள முடிஞ்சி போச்சாம்" என்றான். அவனை ஏதாவது கிண்டல் செய்யாமல் நான் போனை வைத்ததில்லை. அன்று அப்படியே வைத்துவிட்டேன். பாதியில் நின்ற வரிசையைப் பறித்து முடித்தேன். கூடை நிறைந்தது தெரியாமல் காயைத் தரையில் போட்டுக்கொண்டிருந்திருக்கிறேன். பக்கத்து வரிசைக்காரி சொல்லித்தான் பார்த்தேன்.

உத்திரமேரூரைச் சுற்றித் திருவிழாவோ கல்யாணமோ நடந்த இடத்தில் தேவராஜ் அண்ணன் வாசித்ததை நீங்கள் கேட்டிருப்பீர்கள். ஞாயிறு காலையில் சர்ச்சில் வாசிப்பார், சாயங்காலம் அம்மன் கோயில் மேடையில் வாசிப்பார். "ரெண்டு பக்கமும் துண்டு போட்டு வெச்சிக்கினு கீறியேண்ணா, செத்தப்பறம் எங்க எடம் கெடைக்குதோ அங்க பூந்துக்கலாம்னா?" என்று கேட்பேன். "எங்க போனாலும் நீயும் அங்க வந்து கத்துவ. அதான் எனுக்கு யோசனையா கீது" என்பார். இருபது வருஷம் நான் பாடினேன், அவர் வாசித்தார்.

அந்தக் கீபோர்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒரு பாட்டுக்கு எந்தக் கருவியின் சத்தம், என்ன தாளம், எவ்வளவு வேகம், பாடுகிறவருக்கு எத்தனை கட்டை சுருதி, எல்லாவற்றையும் வீட்டிலேயே அமைத்து ஒரு நம்பரில் சேமித்துவிடுவார். மேடையில் அந்த நம்பரைத் தட்டினால் மொத்தமும் வந்து நிற்கும். 'மெமரி' என்ற பட்டனை அழுத்திக்கொண்டு நம்பரைத் தட்டினாலோ, பழையது அழிந்து அந்த நேரத்தில் இருப்பது அதில் ஏறிவிடும். பழையசீவரத்தில் அவர் சாப்பிடப் போயிருந்தபோது நான் விளையாட்டாக அதைத்தான் செய்து வைத்தேன். அவர் வந்து தட்டினார். பிள்ளையார் பாட்டுக்குக் குத்துத் தாளம் அதிர்ந்தது. இன்னும் கொஞ்சம் பேசிக்கொண்டிரு என்று அறிவிப்பாளருக்குக் கையைக் காட்டிவிட்டு, குனிந்து ஒவ்வொன்றாகத் திரும்ப அமைத்தார். நல்ல திட்டு விழும் என்று காத்திருந்தேன். "நீ பாடற வேலைய மட்டும் பாருமே. மத்தத நான் பாத்துக்கறேன்" என்றார்.

மேடை ஏறுவதற்கு முன்னால் தவறாமல் என்னிடம் வந்து நிற்பார். "இன்னாமே கன்னீமா, நாஷ்டா ஆச்சா? இன்னா துன்ன?"

"இட்லி அஞ்சி, வடை ரெண்டு. ஏப்பம் கீது, அது வோணுமா?"

சிரிக்கமாட்டார். தலையைச் சாய்த்துக் கேட்டுவிட்டுப் போய்விடுவார். தீனி நினைப்பாகவே இருக்கிற மனுஷன் என்று குழு முழுக்கச் சொல்லிவைத்தேன். மைக்கைப் பிடித்தால் எனக்கு ஒரு பீற்றலும் உண்டு. "இருபது வருசமா ஒரே கட்ட. அரைக் கட்ட எறங்கல" என்பேன். அண்ணன் கீபோர்டைத் துணியால் துடைத்துக்கொண்டிருப்பார்.

அடக்கம் முடிந்த மூன்றாவது வாரம் மாகறலில் கச்சேரி. அவர் இருக்கும்போதே ஒப்புக்கொண்டது. "வூட்ல வெச்சிக்கினு நான் இன்னா பண்ணப் போறேன், எடுத்துக்கினு போயி பாடுங்க" என்று அண்ணி கீபோர்டைக் குழுவுக்கே கொடுத்துவிட்டார். வாசிக்கக் காஞ்சிபுரத்திலிருந்து அருள் என்பவர் வந்திருந்தார். மேடைக்குப் பின்னால் நான் தனியாக உட்கார்ந்திருந்தேன். சுற்றிலும் ஆட்கள் போய்க்கொண்டும் வந்துகொண்டும் இருந்தார்கள். சாப்பிட்டாயா என்று ஒருவரும் கேட்கவில்லை.

அருள் வந்தார். "அக்கா, உங்க அம்மன் பாட்டு ஒண்ணுலேர்ந்து எட்டு வரைக்கும் எட்டு நம்பர்ல கீது. எத போடட்டும்?"

"ஒரு பாட்டுக்கு எதுக்கு எட்டு? ஒண்ணாம் நம்பரே போடு."

சரணத்தில் மேலே ஏறுகிற இடத்தில் குரல் உடைந்தது. வெறும் காற்றுதான் வந்தது. முன்னால் உட்கார்ந்திருந்த பெண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். மாகறல் கொசு ஒன்று தொண்டைக்குள் போய்விட்டது என்று சொல்லிச் சிரிக்கவைத்துவிட்டு இறங்கினேன். என் பாட்டு அன்றோடு முடிந்தது என்றே நினைத்தேன்.

"தொண்ட போச்சிடா ஏழுமல" என்றேன்.

அவன் என் முகத்தைப் பார்க்கவில்லை. "அது எப்பவோ எறங்கிடுச்சிக்கா. நீ ஒண்ணாம் நம்பர்ல பாடி எத்தினியோ வருசம் ஆவுது. மாஸ்டரு அரைக் கட்ட அரைக் கட்டையா எறக்கி எட்டு போட்டு வெச்சிருந்தாரு. நாஷ்டா ஆச்சான்னு கேட்டு உன்ன பேச வெப்பாரு. அன்னிக்கி தொண்ட எப்பிடி கீதுன்னு பாத்துட்டு வந்து நம்பர தட்டுவாரு. உங்கிட்ட சொல்லக்கூடாதுன்னு சத்தியம் வாங்கிக்கினாரு."

"ஏன்டா சொல்லக்கூடாது?"

"'அது சிரிச்சிக்கினே பாடுது. தெரிஞ்சா பயந்துக்கினு பாடும்'னாரு."

"கடைசியா எத போட்டாரு?" என்று கேட்டேன்.

"ஏழு."

திரும்ப மேடை ஏறி, ஏழு போடச் சொல்லி, அதே பாட்டை முதலிலிருந்து பாடினேன். எங்கும் குரல் உடையவில்லை. கை தட்டினார்கள். அருள் நன்றாக வாசிக்கிறார், குறை சொல்வதற்கில்லை. ஆனால் நம்பரை இனி நான்தான் சொல்ல வேண்டும். நான் பேசினால் சிரிக்க இன்றைக்கும் நாலு பேர் இருக்கிறார்கள். அந்தப் பேச்சுக்குள் என் தொண்டையைக் கேட்டவர் ஒருவர்தான் இருந்தார். அவரைத்தான் தீனிப் பைத்தியம் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

மறு வாரம் ஒத்திகையில், எட்டுக்கு அப்புறம் என்ன செய்வது என்று அருளைக் கேட்டேன். அவர் ஒரு பட்டனைத் தட்டி அடுத்த வரிசை நம்பர்களுக்குப் போனார். அதில் முதல் மூன்றிலும் என் அம்மன் பாட்டுதான் இருந்தது. "இது இன்னும் கீழக்கா. இந்தக் கட்டைக்கு நீங்க வர்றதுக்கு இன்னும் பல வருசம் கீது. எதுக்கு இப்பவே போட்டு வெச்சாரு?" என்றார்.

எனக்கு ஐம்பது முடிந்துவிட்டது. அறுபது வயதைத் தாண்டியும் மேடையில் நிற்பேன் என்று எனக்கு ஒருநாளும் தோன்றியதில்லை. அவருக்குத் தோன்றியிருக்கிறது. எனக்கென்று அவர் விட்டுப்போனது அந்த மூன்றும்தான். ஒன்றைக்கூட இன்னும் தட்டச் சொல்லிக் கேட்கவில்லை. அவசரமில்லை, இருக்கட்டும். நான் இறங்கி வந்துகொண்டுதான் இருக்கிறேன்.