ஆரல்வாய்மொழியில் காலியான டிரைவர் சீட்

“ஒரு டீ குடிச்சிட்டு வாறேன் மக்கா. வண்டியப் பாத்துக்க.”

இப்படிச் சொல்லிவிட்டு ஸ்டான்லி அண்ணன் ஆரல்வாய்மொழியில் என் லாரியை விட்டு இறங்கிப் போனார். கடந்த ஆடி மாதம் அது. பின்னால் தும்புக் கட்டுகள், அதாவது தேங்காய் நார்க் கட்டுகள், வண்டியின் உயரத்துக்கு மேல் நின்றன. காற்று வண்டியை உலுக்கிக்கொண்டிருந்தது. நான் கிளீனர் சீட்டில் உட்கார்ந்து காத்திருந்தேன். அவர் திரும்பி வரவே இல்லை. அன்று ஆண்டவர் எனக்குச் செய்ததைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். ஆனால் மனிதர் செய்ததை மறைத்துவிட்டு அதைச் சொல்ல முடியவில்லை.

நான் ஆட்டோமொபைல் டிப்ளமோ படித்தவள். நாகர்கோவிலில் லாரிகளுக்கான ஒரு ஒர்க்‌ஷாப்பில் சர்வீஸ் பிரிவில் இருந்தேன். எஞ்சினைப் பிரித்து மாட்டத் தெரியும். ஓட்டத்தான் பழக்கம் குறைவு. கனரக வாகன லைசன்ஸ் இருந்தது. அதுவும் டிரைவிங் ஸ்கூல் மைதானத்தில் சுற்றி வாங்கியதுதான். என்றாலும் சொந்தமாக ஒரு லாரி வாங்கி நானே ஓட்ட வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. அப்பா வளைகுடாவில் உழைத்துச் சேர்த்ததைக் கொடுத்தார். மீதிக்குக் கடன். ஸ்டான்லி அண்ணன் என் பெரியம்மா மகன். அனுபவமுள்ள டிரைவர். எங்கள் சபையில் அவரைத் தெரியாதவர் கிடையாது.

“ஒரு வருசம் நான் ஓட்டுதேன், நீ பக்கத்துல இருந்து படி. பொறவு உன் வண்டி, உன் ஸ்டியரிங்” என்றார்.

எங்கள் சபையில் யார் வண்டி வாங்கினாலும் ஞாயிறு ஆராதனை முடிந்ததும் ஆலய வளாகத்தில் நிறுத்துவார்கள். போதகர் முன்பக்கத்தில் கை வைத்து ஜெபிப்பார். வீட்டாரும் கை வைப்பார்கள். என் லாரிக்கு ஜெபித்தபோது போதகரின் கைக்கு அடுத்து இருந்தது அண்ணனின் கை. “இவள நான் கரை சேத்துருவேன் ஐயா” என்று எல்லாருக்கும் கேட்கச் சொன்னார். ஆமென் என்றார்கள். ஒப்பந்தம் எதுவும் எழுதவில்லை. சபைக்கு முன்னால் கை வைத்துச் சொன்னதை மறுபடி பத்திரத்தில் எழுதிக் கேட்பது அவரை அவமதிப்பது என்று நினைத்தோம். நானும்தான் அப்படி நினைத்தேன்.

எங்கள் லோடு ஒரு தும்பு மில்லிலிருந்து தூத்துக்குடிக்கு. போகும்போது அவர் ஓட்டுவார். திரும்பும்போது காலி வண்டியை நல்ல ரோட்டில் மட்டும் எனக்குக் கொடுப்பார். லோடோடு கேட்டால், “அவசரப்படாத பிள்ளே” என்பார். இடையிடையே சிரித்துக்கொண்டே, “முடியலேன்னா சொல்லு, வண்டிய நானே எடுத்துக்கிடுதேன்” என்பார். நானும் சிரிப்பேன்.

அன்று ஆரல்வாய்மொழியில் காத்திருந்து பார்த்துவிட்டு அவரைப் போனில் கூப்பிட்டேன். நான்காவது முறை எடுத்தார்.

“அண்ணே, எங்க நிக்கீங்க?”

“சொந்தத்துல ஒருத்தருக்கு சீரியஸ். நான் வள்ளியூருக்குப் போய்ட்டிருக்கேன்.”

“அப்ப வண்டி?”

“உனக்குத்தான் லைசன்ஸ் இருக்குல்லா? ஓட்டு.”

“காத்து இப்பிடி அடிக்கி. லோடோட நான் ஓட்டினதே இல்லியே அண்ணே.”

“அப்ப ஓரமாப் போட்டிரு.”

போன் வைக்கப்பட்டது.

ஓரமாகப் போட முடியாது. அந்தச் சரக்கு மாலைக்குள் துறைமுகத்தில் கன்டெய்னரில் ஏற வேண்டும். தவறினால் மில்லில் அடுத்த லோடு கிடைக்காது. லோடு இல்லாவிட்டால் கடன் கட்ட முடியாது. வண்டி போகும். அப்பாவின் உழைப்பும் அதோடு போகும்.

மில் மேனேஜரைக் கூப்பிட்டேன். அவர் இயல்பாகக் கேட்டார்: “ஸ்டான்லி அடுத்த வாரத்துலேருந்து சொந்த வண்டி கொண்டு வாறாராம்லா. நீ வண்டிய விக்கப் போறன்னு சொன்னாரே. உனக்குத் தெரியாதா?”

எனக்குத் தெரியாது. தெரிந்த இரண்டு டிரைவர்களைக் கேட்டேன். ஒருவர் எடுக்கவில்லை. இன்னொருவர், “உங்க அண்ணன் உன் வண்டியில ஏறக் கூடாதுன்னு சொல்லிருக்காரும்மா, என்னைய விட்டிரு” என்றார். எல்லாருக்கும் தெரிந்திருந்தது. பக்கத்து சீட்டில் உட்கார்ந்திருந்த எனக்கு மட்டும் தெரியவில்லை.

கதவை மூடிக்கொண்டு அழுதேன். பிறகு ஜெபித்தேன். எனக்கு எதையும் வரிசைப்படுத்தித்தான் கேட்க வரும். ஒன்று, அண்ணனின் மனதை மாற்றித் திருப்பி அனுப்பும். இரண்டு, முடியாதென்றால் வேறொரு டிரைவரை அனுப்பும். மூன்று, இந்தக் காற்றை நிறுத்தும்.

மூன்றும் நடக்கவில்லை. சாட்சி என்று சொல்லிவிட்டுப் பொய் எழுதக் கூடாது. அண்ணன் வரவில்லை. யாரும் வரவில்லை. காற்று இன்னும் கூடியது. “நீரும் இறங்கிப் போயிட்டீரா?” என்று வாய்விட்டுக் கேட்டேன்.

பதில் சத்தமாக வரவில்லை. அழுகை மட்டும் நின்றது. சும்மா உட்காராதே, இறங்கி வண்டியைப் பார் என்று உள்ளத்தில் ஒரு தெளிவு. ஒர்க்‌ஷாப்பில் எந்த வண்டி வந்தாலும் முதலில் அதைத்தான் செய்வேன். இறங்கினேன். டயர்கள், பிரேக்குக்கான ஏர், விளக்குகள் எல்லாம் சரியாக இருந்தன. பிறகு கயிறு.

இடதுபக்கம் பின்னால் வந்தபோது நின்றுவிட்டேன். கயிறு கொக்கியில் சும்மா சுற்றி விடப்பட்டிருந்தது. இழுத்து முடிச்சுப் போடவில்லை. தார்ப்பாயின் ஓரம் ஏற்கெனவே படபடத்துக்கொண்டிருந்தது. ஊரை அடுத்த மலைக் கணவாய் தாண்டி, மின்சாரக் காற்றாடிகள் நிற்கும் வெளியில் அந்த ஓரத்துக்குள் காற்று புகுந்தால் தார்ப்பாய் பாய்மரம்போல் எழும்பும். கட்டுகள் சரியும். வண்டியும் சாயும்.

காலையில் கயிறு கட்டியது அண்ணன். அவர் கட்டினால் இரட்டை முடிச்சு. என்னை இழுத்துப் பார்க்கச் சொல்லாமல் கிளம்ப மாட்டார். அன்று மட்டும் சொல்லவில்லை. கட்டும்போதே அவருக்குத் தெரியும், அந்த லோடோடு கணவாயைத் தாண்டப்போவது தான் அல்ல என்று. வேண்டுமென்றே செய்தாரா, அக்கறை விட்டுப்போனதா, தெரியாது. இதுவரை நான் கேட்கவில்லை. அவர் இறங்கிப் போனதைவிட அந்தக் கயிறுதான் இன்றும் எனக்கு வலிக்கிறது.

நான் தனியாகக் கயிற்றை இழுப்பதைப் பார்த்து டீக்கடைக்கார அக்கா வந்தார்.

“ஏட்டி, டிரைவர் இன்னும் வருவாம்னு பாத்துட்டா இருக்க? அவன் அப்பவே மஞ்சக் கலர் லாரியில ஏறிப் போயாச்சு. நாகர்கோவில் பக்கமால்லா போனான். சிரிச்சிக்கிட்டே போனான்.”

“வள்ளியூருக்குன்னு சொன்னாரே அக்கா.”

“ஆமா, வள்ளியூர அங்க மாத்தி வச்சிருக்காவ போல. சரி, இப்ப யாரு ஓட்டுவா?”

“நான்தான்.”

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். “முருகா! போன வருசம் என் கடைத் தகரத்தையே இந்தக் காத்து பிச்சிட்டுப் போச்சு. நீ லாரியப் பறக்க விட்டிராத, என்னா?” என்றபடி சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு கயிற்றின் மறுமுனையைப் பிடித்தார். இருவருமாக எல்லாக் கொக்கியிலும் கயிற்றை அவிழ்த்து மறுபடி கட்டினோம். அவர் போட்டுத் தந்த டீக்குக் காசு கொடுத்தபோது, “வரும்போது குடு. வருவல்லா?” என்றார்.

டிரைவர் சீட்டில் ஏறினேன். அண்ணன் முதுகுக்கு வைக்கும் தலையணை அங்கே இருந்தது. எடுத்துப் பின்னால் போட்டேன். கணவாய் தாண்டியதும் காற்று பக்கவாட்டில் அறைந்தது. ஸ்டியரிங் கையை மீறி இழுத்தது. வேகத்தைக் குறைத்தேன். பின்னால் வந்தவர்கள் ஹாரன் அடித்தார்கள், திட்டினார்கள், முந்திப் போனார்கள். கண்ணாடியில் தார்ப்பாயைப் பார்த்துப் பார்த்து ஓட்டினேன். அது அசையவில்லை. துறைமுகக் கேட்டில் நான் நுழைந்தபோது வெயில் இன்னும் இருந்தது.

அங்கேதான் எனக்குப் புரிந்தது. நான் கேட்டபடி ஒரு டிரைவர் உடனே வந்திருந்தால், தாமதமாகிவிட்டதென்று அப்படியே ஏறிக் கிளம்பியிருப்போம். அந்தக் கயிற்றை யாரும் பார்த்திருக்க மாட்டோம். கேட்ட மூன்றையும் ஆண்டவர் தரவில்லை. எனக்குக் கேட்கத் தெரியாத ஒன்றைத் தந்தார்.

மில்லில் லோடு இன்றும் எனக்கு உண்டு. அண்ணனுக்கும் உண்டு. ஞாயிறுகளில் அவர் தன் வழக்கமான இடத்தில் உட்காருகிறார். பெண்கள் ஐக்கியத்தில் சிலர், “சொந்தத்துக்குள்ள எதுக்குட்டி பகை, மறந்திரு” என்கிறார்கள். மறக்க முடியவில்லை. மன்னிக்கும் பெலனுக்காக ஜெபிக்கிறேன். அந்த ஜெபத்துக்கு இன்னும் பதில் வரவில்லை. வரும் என்று நம்புகிறேன்.

இப்போது ஒவ்வொரு லோடுக்கும் கயிற்றை நானே கட்டுகிறேன். கிளம்பும் முன் லாரியின் முன்பக்கத்தில், அன்று அண்ணன் கை இருந்த அதே இடத்தில், என் கையை வைத்து ஜெபிக்கிறேன். ஆரல்வாய்மொழியில் நிறுத்தி அக்காவிடம் டீ குடிக்கிறேன்.

இதை வாசிக்கிற சகோதரியே, சகோதரனே, உங்களைக் கரை சேர்ப்பதாகச் சபை நடுவே சொன்ன ஒருவர் பாதி வழியில் இறங்கிப் போயிருக்கலாம். அழுங்கள். ஆண்டவரிடம் கோபமாகவும் கேளுங்கள், அவர் தாங்குவார். பிறகு கீழே இறங்கி வண்டியை ஒருமுறை சுற்றிப் பாருங்கள். எங்கே கயிறு அவிழ்ந்திருக்கிறது என்று அவர் காட்டுவார். அதன்பின் ஏறி உட்காருங்கள். அந்த சீட் உங்களுக்காகத்தான் காலியானது.