செங்கேணி வீட்டுக்குப் போன வழி

கும்மிடிப்பூண்டிக்கு எப்படிப் போவது என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். வயதான சித்தப்பாவைச் சேர்க்க அந்தப் பக்கம் ஓர் இல்லம் பார்க்கப் போகிறாராம். நான் முதன்முதலில் அங்கே போனதும் அதே வேலையாகத்தான். எழுபதுகளின் பிற்பகுதி, மாசி மாதம். சென்னையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் எனக்கு உத்தியோகம். குணமான பிறகும் போக்கிடம் இல்லாதவர்களுக்கு இடம் தேடித் தருவது என் பொறுப்பு.

அப்போது என் கவலையெல்லாம் வெங்கையா. தொழிற்பேட்டையில் ஷெட் கட்டும்போது சாரத்திலிருந்து விழுந்து, இடுப்புக்குக் கீழே உணர்வு போனவர். ஆந்திராக்காரர், சொந்தம் என்று யாரும் வரவில்லை. கட்டிலைக் காலி செய்யச் சொல்லிப் பெரிய டாக்டர் நெருக்கினார். அரசுச் சான்றிதழ் உள்ள இல்லங்களில் இடமில்லை. சான்றிதழ் இல்லாமல் இல்லம் நடத்துவது சட்டப்படி குற்றம். அங்கே ஆளை அனுப்பக் கூடாதென்று எங்களுக்குக் கண்டிப்பான உத்தரவு. அந்தச் சட்டத்தின் மேல் எனக்குக் கோபமில்லை. இல்லம் என்று சொல்லி ஆஸ்பத்திரி வாசலில் தரகர்கள் கூட்டிப்போன ஆட்களைக் கோயில் வாசலில் பிச்சைக்காரர்களாகப் பார்த்து வயிறெரிந்தவள் நான்.

கும்மிடிப்பூண்டிப் பக்கம் ஏரிக்கரையில் செங்கேணி என்ற மீனவப் பெண் ஆதரவற்ற நாலு பேரை வைத்துப் பார்த்துக்கொள்கிறார் என்று வார்டு ஆயா சொன்னார். சான்றிதழ் கிடையாதாம். போய்த்தான் பார்ப்போமே என்று சென்ட்ரலில் காலை பாசஞ்சரைப் பிடித்தேன். நாற்பத்தேழு கிலோமீட்டர், இரண்டு மணி நேரம். இறங்கினால் ஒரு பக்கம் தொழிற்பேட்டை ஷெட்டுகளின் புதுத் தகரம் கண்ணைக் கூச வைக்கும், மறுபக்கம் நெல் வயல். ஜட்கா வண்டிக்கு மூன்று ரூபாய். பேரம் பேசத் தெம்பில்லை.

"செங்கேணி ஊட்டுக்கா? கவருமெண்டு ஆளாம்மா நீ?" என்றார் வண்டிக்காரர். "அதைப் போயி பேஜாரு பண்ணிடாதம்மா."

நீளமான ஓலை வீடு. உள்ளே நாலு பேரும் இறால் உரித்துக்கொண்டிருந்தார்கள், பார்வையில்லாத ஒருவர் உட்பட. அவர்களில் எழ முடியாமல் படுக்கையிலேயே உரித்துக்கொண்டிருந்த அம்மாளை மெல்லத் திருப்பி முதுகைப் பார்த்தேன். படுக்கைப் புண் இல்லை. எங்கள் வார்டில் வெங்கையாவுக்கு இருந்தது. வெட்கமாக இருந்தது.

"சான்றிதழ் வாங்கிவிடுங்களேன்" என்றேன் செங்கேணியிடம்.

"கேட்டுப் பார்த்தேம்மா. சுத்துச் சுவரு கட்டணுமாம், ஆம்பளைக்குத் தனி கக்கூசு, பொம்பளைக்குத் தனியாம். எங்க போவேன்?"

"அது இல்லாமல் இந்த இல்லத்துக்கு என்னால் ஆளை அனுப்ப முடியாதே."

"இல்லமா? இன்னாம்மா நீ, இது என் ஊடு." கொஞ்சம் யோசித்தார். "அந்த ஆளு பேரு இன்னா?"

வெங்கையாவின் பெயரையும் வார்டையும் சொல்லிவிட்டு மனசு சுருங்கித் திரும்பினேன்.

அடுத்த வாரம் செங்கேணி ஓலைக்கூடையோடு வார்டுக்கே வந்து நின்றார். "இவர் உனக்கு என்ன உறவு?" என்று டாக்டர் கேட்டார். தம்பி என்று சொல்லிவிடுங்களேன் என்று உள்ளுக்குள் தவித்தேன். செங்கேணி பொய் சொல்லவில்லை. கூடையை மேஜைமேல் வைத்தார். கருவாட்டு வாடையில் டாக்டர் மூக்கைப் பொத்திக்கொண்டார்.

"ஏரியில நாங்க முறை வெச்சுதான் வலை போடுவோம், சார். ஊரு தன் ஜனம்னு ஏத்துக்கினவங்களுக்குதான் மீனுல பங்கு. இவரு பேருல ஊரு கூடி ஒரு பங்கு உட்டாச்சு, அதான் இது. பங்கு இருக்குது, ஆளக் காணமேன்னு கேக்குறாங்க." பிறகு கட்டில் பக்கம் திரும்பினார். "ஊட்டுக்குப் போலாமா நைனா?"

வாரக்கணக்கில் வாய் திறக்காத வெங்கையா கூடையையே பார்த்தார். "போதாம்" என்றார். தெலுங்கில் போகலாம் என்று அர்த்தம். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன், அழுகை வந்துவிட்டது.

வீட்டு ஜனத்தோடு வீட்டுக்குப் போவதை எந்த உத்தரவும் தடுக்கவில்லை. டாக்டர் அனுப்பிவிட்டார். ஆனாலும் நான் மாதாமாதம் போய் வெங்கையாவின் முதுகைப் பார்த்தேன். நல்லவர் வீடு என்பதற்காகக் கண்ணை மூடிக்கொள்ள முடியுமா? பிற்பாடு ஊரே சேர்ந்து சுவரும் கழிப்பறைகளும் எழுப்ப, செங்கேணி சான்றிதழும் வாங்கினார்.

இப்போது மின்சார ரயில் இருக்கிறது. ஸ்டேஷன் வாசலில் ஆட்டோ கிடைக்கும். வாசகருக்கு என் யோசனை: முதலில் சான்றிதழைக் கேளுங்கள், கூச்சப்படாதீர்கள். இல்லையென்றால் திரும்பிவிடுங்கள். இருந்தால், சாப்பாட்டு நேரம்வரை உட்கார்ந்து பாருங்கள். சித்தப்பாவைச் சேர்த்தபின் அடிக்கடி போங்கள்.

வெங்கையா பல வருடம் அங்கே இருந்தார். அவர் காலமான மறுவாரமும் அவர் பங்கு மீன் வந்ததாம். செங்கேணி எனக்குச் சொல்லியனுப்பினார்: "பங்கு காலியா இருக்குதும்மா. வார்டுல அடுத்தது யாரு?"