மச்சான் வரைந்த எல்லை

மனைவியின் தம்பியில் எனக்குப் பொறாமை. பூசி மெழுக விருப்பமில்லை. பிரான்சிலிருந்து வந்தான், லண்டன் டூட்டிங்கில் மரக்கறிக்கடை போட்டான், என் வீட்டைவிடப் பெரிய வீடு வாங்கினான். அதற்கெல்லாம் நான் வயிறெரியவில்லை. என் மாவட்டத்தில் கை வைத்தானே, அதைத்தான் தாங்க முடியவில்லை.

அந்த மாவட்டம் இப்போது இல்லை. நாங்கள் இருக்கிற மிட்சம், பக்கத்து மேட்டன், மோடன், அங்காலே பெடிங்டன் எல்லாம் ஒருகாலத்தில் லண்டனே அல்ல. குரொய்டனைச் சுற்றிக் கிடந்த கிராமங்கள். ஒவ்வொன்றும் ஒரு பரிஷ். தேவாலயப் பங்கு என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள், எங்கள் ஊர்க் கிராமச்சபை மாதிரி நிர்வாகப் பிரிவும்தான். எல்லாவற்றையும் சேர்த்து ஒரு கிராம மாவட்டக் கவுன்சில் நடத்தி, முதலாம் உலக யுத்த நாட்களில் கலைத்துவிட்டார்கள். பஸ் ஓட்டி ஓய்வு பெற்ற நான், செவ்வாய்தோறும் நூலகத்தில் குந்தியிருந்து அதன் கூட்டக் குறிப்புகளை வாசித்தேன். எங்கே சாக்கடை நாறியது, எந்தப் பரிஷ் தெருவிளக்கு வேண்டாமென்று முரண்டு பிடித்தது, எல்லாம் என் கொப்பிகளில் இருக்கிறது. ஒரு நாய்கூட என்னிடம் கேட்கவில்லை.

எங்கள் முதியோர் சங்க மண்டபத்தில் மாட்டுவதற்கு அந்தப் பழைய மாவட்டத்தின் வரைபடம் ஒன்று வேண்டுமென்று நிர்வாகம் முடிவு செய்தது. கேட்டது மச்சானை! கடைப் பலகையைக் கம்பியூட்டரில் தானே வரைந்தவனாம். நான் சாப்பாட்டு மேசையில் அவிழ்த்துவிட்ட கதைகளை வைத்தே வரைந்து முடித்து, மாட்டுவதற்கு முதல் என்னிடம் கொண்டுவந்தான்.

"அத்தான், ஒருக்காப் பாருங்கோ. உங்களை விட்டா ஆருக்கு இது தெரியும்?"

படம் அழகாக இருந்தது. பாழாய்ப்போக, மிக அழகாக இருந்தது. ஒவ்வொரு பரிஷுக்கும் ஒரு நிறம். பிறகுதான் கண்டேன், மாவட்டத்துக்குள் டூட்டிங்கும் இருந்தது.

எங்கள் ஆட்கள் மட்டுமே விடக்கூடிய பிழை அது. மீனுக்கும் முருங்கைக்காய்க்கும் போய்ப் போய் எங்களுக்கு டூட்டிங்கும் மிட்சமும் ஒரே ஊராகிவிட்டன. நடுவில் கிரேவ்னி என்றொரு வாய்க்கால் ஓடுகிறது. அதுதான் மாவட்டத்தின் எல்லை. பஸ்ஸில் போகிறவர்களுக்கு அதைக் கடப்பதே தெரியாது.

வாய்வரைக்கும் வந்தது. விழுங்கிக்கொண்டேன்.

"பிழை ஒண்டும் இல்லையோ?"

"ஒண்டும் இல்லை" என்றேன். அன்று மத்தியானம் வழமையைவிட இரண்டு கவளம் கூடச் சாப்பிட்டேன்.

படத்தைத் திறந்து வைக்கிற நாளுக்கு, உள்ளூர் சரித்திரம் தெரிந்த ஒரு வெள்ளைக்கார அம்மாவையும் அழைத்திருந்தார்கள். அவர் படத்தின் கிட்டப் போய் நின்று பார்த்தார். டூட்டிங் இந்த மாவட்டத்தில் ஒருநாளும் இருந்ததில்லையே என்று தயவாகத்தான் சொன்னார். எனக்குள் பட்டாசு வெடித்தது. மச்சான் அசையவில்லை.

"இல்லை, என் அத்தான் பார்த்துச் சரியென்று சொன்னவர். அவர் பிழை விடமாட்டார்" என்று ஆங்கிலத்தில் சொல்லி, படத்தின் அடியைக் காட்டினான். 'சரிபார்த்தவர்' என்று போட்டு என் பெயர், கொட்டை எழுத்தில். அவனுடைய பெயர் எங்குமே இல்லை.

மண்டபம் முழுதும் என்னைத் திரும்பிப் பார்த்தது.

"கண் இப்ப கொஞ்சம் மங்கல்" என்றேன்.

அடுத்த நாள் காலமை கடையைப் பூட்டிவிட்டு வந்து நின்றான். கண் பரிசோதிக்க என்னைக் கூட்டிப் போகவாம். வேண்டாமென்றால் விட்டானா? மூக்குக்கண்ணாடிக் கடையில் கடைசி வரி வரைக்கும் தடுமாறாமல் வாசித்தேன். வயதுக்கு அருமையான கண்கள் என்றாள் பரிசோதித்த பெண்.

"அப்பாடா! நான் பயந்தே போனன் அத்தான். அண்டைக்கு வெளிச்சம் காணாதாக்கும்" என்றான். காருக்குள் ஏறியதும் திருத்திய படத்தை என் மடியில் விரித்தான். டூட்டிங் போய்விட்டது. என் பெயர் அதே இடத்தில் இருந்தது.

"என்ர பேரை எடடா."

"ஏன் அத்தான்?"

"அண்டைக்கே எனக்குப் பிழை தெரியும். பொறாமையில சொல்லேல்லை."

"உங்களுக்கோ? என்னிலயோ?" என்று குலுங்கிக் குலுங்கிச் சிரித்தான். "சும்மா பகிடி விடாதேங்கோ அத்தான். பெல்ட்டைப் போடுங்கோ."