பெயருக்குக் கீழே இரண்டு கோடு

மோரிஸ் பென்னக் என்றால் உங்களுக்குத் தெரியாது. முகத்தைக் காட்டினால் தெரியும். நாற்பது வருடம் மேடையிலும் தொலைக்காட்சியிலும் பட்லராக, பாதிரியாராக, லஞ்சம் வாங்கும் போலீஸ்காரராக வந்துபோனவன். போன மாதம் அவனைப் புதைத்தோம். ஆளே தெரியாமல் வேடத்துக்குள் மறைந்துவிடுவான் என்று பத்திரிகைகள் எல்லாம் ஒரே பாட்டைப் பாடின. அதை முதலில் சொன்னவள் ஹாலிஃபாக்ஸ் ஊரில் நடிகர்களுக்கு அறை வாடகைக்கு விட்டுக்கொண்டிருந்த கிரீன்வுட் அம்மாள். அவளுக்கு மோரிஸும் நானும் செய்ததைச் சொல்ல நாக்கூசுகிறது.

1956இல் நாடகக் குழுவோடு அங்கே ஒரு வாரம் தங்கினோம். வெள்ளிக்கிழமை காலை, எல்லோர் முன்னாலும் முட்டையைப் பரிமாறிக்கொண்டே மோரிஸிடம் சொன்னாள்.

“நேத்து நாடகத்துல உன்னத் தேடித் தேடிப் பாத்தேன் கண்ணு. கடைசி வரைக்கும் எந்த ஆளு நீன்னே தெரியல.”

குழுவே விழுந்து விழுந்து சிரித்தது. அதிகம் சிரித்தவன் நான். மோரிஸுக்கு முகம் செத்துவிட்டது.

வாசல் மேசையில் ஒரு நோட்டு இருக்கும். கிளம்புகிறவர்கள் அதில் கையெழுத்துப் போட வேண்டும். வீடு மோசம் என்றால் பெயருக்குக் கீழே இரண்டு கோடு இழுப்பது எங்கள் வழக்கம். வீட்டுக்காரிகளுக்கு இது தெரியாது. அடுத்து வந்து இறங்கும் குழு முதலில் அந்த நோட்டைத்தான் புரட்டும். கோட்டைப் பார்த்தால் ஏதாவது சாக்குச் சொல்லி வேறு வீடு தேடும், மற்ற குழுக்களுக்கும் சொல்லிவைக்கும். கிரீன்வுட் அம்மாள் வீட்டில் மெத்தை சுத்தம், சாப்பாடு வயிறார. ஆனாலும் மோரிஸ் இழுத்தான். பேனா கொடுத்தவன் நான். நன்றாக அழுத்திப் போடு என்றும் சொன்னேன்.

பிறகு மறந்தே போனோம். பதினெட்டு வருடம் கழித்து ஒரு தொலைக்காட்சித் தொடருக்காக அதே ஊருக்குப் போனோம். படப்பிடிப்பை வேடிக்கை பார்த்த கூட்டத்திலிருந்து கிரீன்வுட் அம்மாள் வந்து மோரிஸின் கையைப் பிடித்துக்கொண்டாள். டீ குடிக்க வீட்டுக்கு வந்தே ஆக வேண்டும் என்றாள்.

ஐந்து அறையும் காலி. அடுத்த மாதம் வீட்டை விற்றுவிட்டு தங்கையோடு போய் இருக்கப்போகிறாளாம். நாங்கள் தங்கிய வருடத்திலிருந்தே நடிகர்கள் வருவது நின்றுவிட்டதாம். புது மெத்தை வாங்கினாளாம், சமையலை மாற்றினாளாம்.

“நாய் தொந்தரவா இருக்குதோன்னு அதக்கூடக் குடுத்துட்டேன். என்ன குத்தம்னு யாராச்சும் சொல்லியிருந்தா திருத்திக்கிட்டிருப்பேனே.”

மோரிஸ் வாயைத் திறந்தான். மேசைக்கடியில் அவன் காலை ஓங்கி மிதித்தேன். வயதானவளை இனி எதற்கு நோகடிப்பது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அதெல்லாம் பொய். பயம்தான். அவனும் வாயை மூடிக்கொண்டான்.

அவள் அந்த நோட்டைக் கொண்டுவந்தாள். மோரிஸ் பிரியத்தில் போட்டுவிட்டுப் போன கோடு என்று அந்தப் பக்கத்தை இத்தனை வருடமும் தெருவுக்கே காட்டியிருக்கிறாள். இன்னொரு கையெழுத்து வேண்டும் என்றாள். மோரிஸ் பெயரை மட்டும் எழுதினான். அவள் குனிந்து பார்த்தாள்.

“கோடு எங்க கண்ணு? பெரிய ஆளானதும் பிரியம் போயிடுச்சா?”

அவன் என்னைப் பார்த்தான். நான் ஜன்னலைப் பார்த்தேன். இரண்டு கோட்டையும் இழுத்தான். மை காயும்வரை அவள் நோட்டை மூடவில்லை.