பூதத்தானும் சீமை ட்ரம்பெட்டும்

பகலில் தாராவி தோல் ஷெட்டில் வேலை, முகூர்த்த நாட்களில் கல்யாண பேண்டில் ட்ரம்பெட். பூதத்தானின் பிழைப்பு இப்படித்தான் ஓடியது. பத்து வருஷமாக ஊர்வலத்தில் முன்வரிசை அவனுக்குத்தான். 1964-இல் தளவாய் என்ற இளைஞன், கப்பல்காரன் ஒருவனிடம் வாங்கிய வெள்ளி முலாம் பூசிய சீமை ட்ரம்பெட்டோடு வந்தான். அன்றே பேண்டு மாஸ்டர் தளவாயை முன்னால் நிறுத்தினார். பூதத்தான் மீரட்டில் செய்த தன் பித்தளை ட்ரம்பெட்டோடு இரண்டாம் வரிசைக்குப் போனான்.

பூதத்தானுக்கு வயிறு எரிந்தது. "வாசிக்கது அவனா? அந்தக் குழலுல்லா வாசிக்கு!" என்று வீட்டில் பொருமினான்.

"அப்பொ நீங்களும் ஒண்ணு வாங்குங்க. அவனை எதுக்குக் கரிச்சுக் கொட்டுதிய?" என்றாள் மனைவி மீனாட்சியம்மாள்.

அடுத்த தையில் சயானில் ஒரு கல்யாணம். தளவாய்க்கு உதடு வீங்கியிருந்தது. "அண்ணாச்சி, இன்னைக்கு நீங்க இதுல வாசிங்க" என்று தன் ட்ரம்பெட்டை நீட்டினான்.

பூதத்தான் பறிக்காத குறையாக வாங்கினான். கீழ் ஸ்வரங்கள் நெய்யாக வழிந்தன. பால்கனிகளில் ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள். ஆனால் பாட்டு உச்சிக்கு ஏறியபோது குரல் பிளந்து பிளிறியது. மாப்பிள்ளை ஏறியிருந்த குதிரை மிரண்டு காதை விடைத்தது. தன் பழைய ட்ரம்பெட்டில் தினமும் உடைகிற அதே இடம்! தளவாய் சிரித்திருந்தால்கூடப் பூதத்தான் தாங்கியிருப்பான். அவனோ ட்ரம்பெட்டை வாங்கித் துணியால் துடைத்தான்.

மறுநாளிலிருந்து மதியச் சாப்பாட்டு வேளையில் பூதத்தான் கழிமுகத்துப் பக்கம் போய் நின்று ஊதினான். ஒரே ஸ்வரத்தை நீட்டி, நீட்டி, தலை கிறுகிறுக்கும்வரை. தளவாய் முகத்தை நினைத்தால் இன்னும் கொஞ்சம் மூச்சு வந்தது. ஒன்றரை வருஷத்தில் உச்சி ஸ்வரம் வசப்பட்டது. ஆனால் சில நாள் நின்றது, சில நாள் வழுக்கியது. தன் மேல் தப்பா, குழல் மேல் தப்பா என்று விளங்கவில்லை. கேட்க ஒரே ஆள்தான் உண்டு. மனசே இல்லாமல் போய்க் கேட்டான்.

தளவாய் அந்த மீரட் ட்ரம்பெட்டை வாங்கி ஊதினான். அவனுக்கும் வழுக்கியது. விரலால் அழுத்தும் பிஸ்டனைக் கழற்றி வெளிச்சத்தில் பார்த்தான்.

"தேஞ்சு போச்சு அண்ணாச்சி, காத்து ஒழுகுது. ஒங்க மூச்சுக்கு இது தாங்காது. இனிமே மாத்திர வேண்டியதுதான்."

அந்த ஞாயிற்றுக்கிழமை இருவரும் பழைய சாமான் விற்கும் சோர் பஜாருக்குப் போனார்கள். நாலைந்தை ஊதிப் பார்த்து, ஒரு பழைய ஜெர்மன் ட்ரம்பெட்டைத் தளவாயே தேர்ந்து கொடுத்தான்.

அடுத்து மாட்டுங்காவில் நடந்த கல்யாண ஊர்வலத்தில் பூதத்தான் மறுபடி முன்வரிசையில், தளவாயின் பக்கத்தில் நின்றான். உச்சி ஸ்வரம் உடையாமல் நின்றது. முடித்த கையோடு ஓரக்கண்ணால் தளவாயைப் பார்த்தான். அவன் முகத்தில் துளி எரிச்சலாவது தெரியாதா என்று தேடினான். தளவாயோ வாயெல்லாம் பல்லாக நின்றான்.

பூதத்தான் நாலு நாள் அவனோடு பேசவில்லை.