மாவுக்கு நல்ல தண்ணி

1. கட்டி தட்டிய மாவு

சினிமா எஃபெக்ட்ஸ் மேக்கப்பில் என் முதல் நாளே இரண்டு பாக்கெட் மாவைப் பாழாக்கினேன். மாவு என்று நாங்கள் சொல்வது ஆல்ஜினேட் பவுடரை. தண்ணீரில் கரைத்து அதற்குள் கையை வைத்தால் ஐந்தாறு நிமிடத்தில் ரப்பராக இறுகும். தோலின் ரேகைகூடத் தப்பாமல் அச்சு கிடைக்கும்.

அதுவரை மீஞ்சூரில் கல்யாணப் பெண்களுக்கு மேக்கப் போட்டுக்கொண்டிருந்தேன். வயது முப்பத்தாறு. பிறந்தது பழவேற்காடு ஏரிக்கரையில் கோட்டைக்குப்பம். டச்சுக்காரர் காலத்துப் பழவேற்காட்டைப் பற்றிப் படம் எடுக்க வந்தவர்கள், ஊர் தெரிந்த ஆள் என்று என்னை உதவிக்குச் சேர்த்தார்கள். எஃபெக்ட்ஸ் பொறுப்பு ரேஷ்மா மேடத்துடையது. என்னைவிடப் பத்து வயது சின்னவர். திட்டும்போதுகூட அக்கா என்றுதான் கூப்பிடுவார்.

"அக்கா, இன்னிக்கு எடுக்கற கை அச்சு நல்லா வந்துச்சுன்னா என் டீம்லயே இருந்துடுங்க. சொதப்புச்சுன்னா நான் வேற ஆள் பாக்கணும்," என்று காலையிலேயே சொல்லிவிட்டார்.

"பொண்ண இன்னும் கொஞ்சம் செவப்பா காட்டும்மா" என்று மண்டபத்துக்கு மண்டபம் கேட்டு எனக்குக் காது புளித்துப் போயிருந்தது. இந்த வேலை எனக்கு வேண்டும். அந்த வயதில் வேறு எதையும் அவ்வளவு ஆசைப்பட்டதில்லை.

2. ஏழுமலை மாமாவின் கை

கதைப்படி, டச்சுக் கப்பலுக்குத் துணி மூட்டை ஏற்றும் படகோட்டி ஒருவனுக்கு நங்கூரக் கயிற்றில் கை அறுந்து போகும். அந்தக் கையை நாங்கள் மாவில் அச்செடுத்து சிலிகானில் செய்ய வேண்டும். படகோட்டி வேஷம் எங்கள் குப்பத்து ஏழுமலை மாமாவுக்கு. வலைக்கயிறு இழுத்து இழுத்து அவர் கட்டைவிரல் வெளிப்பக்கம் கோணியிருக்கும். டைரக்டர் அந்த விரலைப் பார்த்துத்தான் அவரைப் பிடித்தார்.

மாமா வந்ததுமே கெடு வைத்தார். "வசந்தா, நாளைக்கு என் பாடு. பொழுது சாயறதுக்குள்ள என்னிய வுட்டுடணும், வலைய ஏத்தணும். அப்பாலிக்கி கைய கேட்டா காலும் கெடைக்காது."

பாடு என்பது ஏரியில் நல்ல இடத்தில் வலை போட முறைவைத்துக் கிடைக்கும் நாள். தவறவிட்டால் அடுத்த முறை வரும்வரை காத்திருக்க வேண்டியதுதான். சினிமாவுக்காக எவனும் பாட்டை விடமாட்டான்.

சில்லென்ற தண்ணீரில் கரைத்தால் மாவு மெதுவாக இறுகும் என்று மேடம் சொல்லியிருந்தார். எங்கள் ஊரில் ஐஸுக்கா பஞ்சம்? மீன் ஐஸ் பெட்டிக்குள் பக்கெட்டை இறக்கி வைத்திருந்தேன். அந்தத் தண்ணீரை ஊற்றிக் கலக்கினேன். மாமா கையை நீட்டுவதற்குள் மாவு கட்டி கட்டியாகத் திரண்டு நின்றது.

"வெலகுங்கக்கா," என்று இரண்டாவது பாக்கெட்டை மேடமே கலக்கினார், அதே பக்கெட்டிலிருந்து. அதுவும் திரண்டது. மீதி ஒரே பாக்கெட். மேடம் கடைக்காரருக்குப் போன் போட்டுக் கத்த ஆரம்பித்தார். "பழைய ஸ்டாக்க என் தலைல கட்டிட்டீங்களா?"

"இன்னாமே இது? உப்புமா கிண்டவா என்னிய இட்டாந்தே?" என்றார் மாமா. எனக்குச் சிரிப்பு வரவில்லை. முகத்தில் தெறித்ததைத் துடைத்தபோது உதட்டில் பட்டது. கரித்தது.

பக்கெட்டில் இருந்தது கடல் கலக்கும் ஏரித் தண்ணீர்; அந்த உப்பில்தான் மாவு திரண்டிருக்கிறது. மொண்டு வைத்தவள் நான். மேஜைக்கு அடியிலேயே தண்ணீர் கேன் இருந்தது. ஆனால் குடம் தூக்கி வளர்ந்தவளுக்கு நல்ல தண்ணி என்றால் குடிக்க, சோறு பொங்க. கழுவ, கலக்க, மற்ற எல்லாவற்றுக்கும் உப்புத் தண்ணி. இதை நான் யோசித்துச் செய்யவில்லை. கை தானாகச் செய்துவிட்டது.

சத்தமில்லாமல் கேனைத் திறந்து கலக்கியிருக்கலாம். பழி கடைக்காரர் தலையோடு போயிருக்கும், வேலையும் தங்கியிருக்கும். ஒரு நிமிடம் அப்படித்தான் நினைத்தேன், மறைப்பானேன். ஆனால் போனின் அந்தப் பக்கம் அந்த மனுஷர் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தது எனக்கே கேட்டது.

"மேடம், மாவு மேல தப்பு இல்ல. நான் ஏரித் தண்ணிய வெச்சிட்டேன்."

மேடம் போனை இறக்கினார். "கேன் தண்ணி இங்கயே இருக்கேக்கா?"

"அது குடிக்கிற தண்ணி மேடம்."

அவர் கடைக்காரரிடம் "சாரி அண்ணே" என்று சொல்லிவிட்டுக் கடைசிப் பாக்கெட்டை என் முன்னால் வைத்தார். "நீங்களே கலக்குங்க."

கேனைக் கவிழ்த்தேன். மாமா, "அய்ய, நல்ல தண்ணிமே அது!" என்று பதறினார். மாவு தயிராக இளகி வந்தது. மாமா கையை இறக்கினார். ஆறு நிமிடம் கடிகாரத்தைப் பார்த்தோம். மாமா விரல்களை அசைத்து அசைத்துக் கையை உருவினார். உள்ளே டார்ச் அடித்துப் பார்த்தோம். கோணல் கட்டைவிரல், கயிற்றுத் தழும்பு, நகத்து வெடிப்பு எல்லாம் இருந்தன. நான் அழுதுவிட்டேன். மாமா வலை ஏற்றப் போய்விட்டார்.

3. இரண்டு கேன்

வேலை உண்டா என்று கேட்காமலே அன்று வீட்டுக்குப் போனேன். மறுநாள் காலை என் பெட்டியைக் கட்டிக்கொள்ளும் நினைப்போடுதான் போனேன். மேஜைக்கு அடியில் இரண்டு கேன் இருந்தன. ஒன்றில் மேடம் மார்க்கரால் 'குடிக்க' என்று எழுதியிருந்தார். மற்றதில், 'வசந்தா அக்கா மாவுக்கு.'

அதன் பிறகு எத்தனையோ கை, கால், தலை செய்துவிட்டேன். இன்று என் டீமில் சேர வருகிறவர்களிடம் சான்றிதழ் கேட்பதில்லை. "உங்க வீட்டுல நல்ல தண்ணி எப்படி வரும்?" என்று கேட்கிறேன். விழிப்பார்கள். ஒருத்தி குழாயில் என்பாள், ஒருத்தி லாரியில் என்பாள், ஒருத்தி இரண்டு தெரு தள்ளிப் போய் பம்ப்பில் அடித்துக் குடத்தில் தூக்கி வருவதாகச் சொல்வாள். அவளிடம் மட்டும் முதல் நாளே ஒரு முழுக் கேனைக் கொடுத்து, "இது பூரா மாவுக்கு, மனசு வெச்சு ஊத்தும்மா" என்று சொல்லிவிடுவேன்.